பெட்டியில் விட்ட இரண்டு சாண்

மூன்று வருடங்களுக்கு முன் அந்தச் சிலைக்கென்றே அளந்து செய்த பெட்டியில் இப்போது அது அடங்கவில்லை. தலை ஒரு சாண் வெளியே நின்றது.

புறா ஏந்திய சிறுமியின் பளிங்கு நகல் அது. ரோமாபுரி மண்ணில் கிடைத்த மூலச் சிலைக்குத் தலை இல்லை. அதனால் சிற்பி ஃபுல்ஜென்சியோ, நகலைச் செதுக்கிய அதே மாதம் காய்ச்சலில் இறந்த தன் ஐந்து வயது மகள் நெரினாவின் முகத்தை வைத்தார். முதலில் ஓர் ஆங்கிலேயப் பிரபு வாங்கினார், பிறகு ஒரு ரஷ்யச் சீமாட்டி. இப்போது தூரின் நகரத்துக்கு விலையாகி, பெட்டி கட்டச் சிற்பியின் பட்டறைக்கே திரும்ப வந்திருந்தது.

மூலத்தின் சுண்ண வார்ப்பில் ஆணிகள் அடித்து, அவற்றின் இடைவெளியைக் கவராயத்தால் அளந்து, அதே அளவில் பளிங்கைக் குடைவார்கள். அளவு தப்பவே தப்பாது. ஃபுல்ஜென்சியோ வார்ப்பை மறுபடி அளந்தார். அது மாறவில்லை.

"அண்ணே, கவராயம் காலையிலேயே திராட்சை ரசம் குடிச்சிருச்சா?" என்றான் தச்சன் பெப்பே.

ஃபுல்ஜென்சியோவின் மனைவி எர்சிலியா சிலையின் உச்சியைத் தடவினாள். "இவ பாவாடைக்கெல்லாம் அடியில ரெண்டு மடிப்பு விட்டுத் தைப்பேனே, மறந்துட்டீங்களா?"

பெப்பே புதுப் பலகைகளை எடுத்து வைத்தான்.

புதுப் பெட்டியை, தலைமாட்டில் இரண்டு சாண் கூடுதலாக விட்டு, அந்த இடத்தில் வைக்கோலைத் தளர்வாக நிரப்பிச் செய்தார்கள்.