குமிழிக்குள் ஓர் உபசரிப்பு

ஊசி வழியாக ரத்தத்தில் இறங்கிய மருந்துத் துணுக்குக்கு ஒரே வேலைதான். ஏதாவதொரு வெள்ளையணுவுக்குள் போய், அங்கே ஓயாமல் "வீங்கு, வீங்கு" என்று கத்தும் கட்டளையின் வாயை அடைக்க வேண்டும்.

முதலில் பார்த்த ஒல்லி வெள்ளையணு, "முன்பின் தெரியாதவங்களை விடுறதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்து வந்த பருத்த வெள்ளையணுவோ, "வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்தேன்" என்று வாரி விழுங்கியது. துணுக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

துடைத்துக்கொண்டு பார்த்தால், அது வெள்ளையணுவின் வயிற்றில் ஒரு குமிழிக்குள் அடைபட்டிருந்தது. உள்ளே பல துணுக்குகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"கட்டளை இருக்கிற இடத்துக்கு எப்படிப் போறது?"

"போறதாவது! இங்கேயே கரைய வேண்டியதுதான்" என்றது பக்கத்துத் துணுக்கு. "ஆனா உபசரிப்புல குறை சொல்ல முடியாது."

குமிழியின் சுவரில் அமிலம் சுரக்கத் தொடங்கியது. ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் தெரிந்தது. துணுக்கு எல்லோரையும் கூப்பிட்டது. எழுந்தால் உட்கார்ந்த இடம் போய்விடுமென்று யாரும் அசையவில்லை. அது மட்டும் உடம்பு உரிய உரிய நுழைந்து வெளியேறி, கட்டளையைத் தேடிப் பிடித்து, அதன் வாயை இறுகப் பொத்தியது.

வீக்கம் வடிந்தது.

பருத்த வெள்ளையணு ஒல்லியிடம் பெருமையாகச் சொன்னது: "இப்பல்லாம் மனசைக் கட்டுப்படுத்தப் பழகிட்டேன். நமக்கெதுக்கு மருந்து?"