பதினோரு நிமிடம்

வானாய்வகத்தின் கட்டுப்பாட்டு அறை ஜன்னலில் அந்தி வெயில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோளின் எச்சரிக்கை மணி இப்போதுதான் அடித்து ஓய்ந்தது. வெகு தொலைவில் ஒரு காமா கதிர் வெடிப்பு. அதன் பின்னொளி சில நிமிடங்களில் மங்கிவிடும். ஆராய்ச்சியாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "கூரையத் திறங்கண்ணே." தொலைநோக்கியை இயக்குபவரின் விரல் பொத்தான் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. "சூரியன் இறங்கட்டும்மா. கண்ணாடியில வெயில் பட்டா அவ்வளவுதான். இன்னும் பதினோரு நிமிஷம்." அவளுடைய தேநீரில் ஆடை படிகிறது. ஜன்னல் மஞ்சள் சிவந்து, கறுக்கிறது. கூரை கிறீச்சிட்டு விலகுகிறது. திரையில் முதல் படம் வருகிறது; அவள் குறித்துவைத்த வட்டத்துக்குள் வெறும் சாம்பல் நிறம். "ஏதாவது தெரியுதாம்மா?" அவள் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடிக்கிறாள். "அந்த வெளிச்சம் எழுநூறு கோடி வருஷம் நடந்து வந்திருக்குண்ணே. வீடு பூட்டியிருக்குன்னு போயிடுச்சு."