எஸ்டேட்டு ஆத்தா

வாசலில் வந்து நின்றவனின் மழித்த தலையைப் பார்த்ததும் உண்ணாமலையின் கையிலிருந்த முறம் நழுவியது.

"இது அமராவதி ஆத்தா வீடுதானுங்களே?" என்றான் அவன். "பேரு நல்லதம்பி. மலேயாவிலேருந்து வாரேன். ஆத்தா இருந்த எஸ்டேட்டுதான் எனக்கும்."

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, இலுப்பூரில் அந்த வீட்டுக்கு ஒரு கடுதாசி கிடையாது. சண்டை முடிந்ததும் உண்ணாமலை மூன்று கடிதம் போட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. இப்போது வந்திருப்பவனோ மொட்டைத் தலையோடு வந்திருக்கிறான். ஆண்பிள்ளை இல்லாத ஆத்தாவுக்குக் கொள்ளி வைத்தவன் இவன்தானோ?

"நான் அவுக மகதான்" என்றாள். "மொட்டை... யாருக்குத் தம்பி?"

கேட்டுவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டீங்களாக்கா? வேண்டுதலுங்க. சயாமுல ரயில் ரோடு போட எங்களச் சப்பான்காரன் புடிச்சுட்டுப் போயிட்டான். உசுரோட திரும்புனா நார்த்தாமலை மாரியாத்தாளுக்கு முடி எறக்குறேன்னு நேந்துக்கிட்டேன். காலையில எறக்கிட்டு நேரா இங்கிட்டுத்தான் வாரேன். துக்கமெல்லாம் ஒண்ணுமில்ல."

உண்ணாமலைக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"நார்த்தாமலையே ஆத்தா சொல்லித்தான்க்கா எனக்குத் தெரியும். நான் பொறந்ததே அங்கிட்டுத்தான். என்னப் பெத்துப் போட்டதும் எங்கம்மா கண்ண மூடிருச்சு. ஆத்தாதான் எடுத்து வளத்தாக."

அவன் பேச்சு நிற்கவில்லை. ரப்பர் மரத்தடியில் அமராவதி நாலு தகரத்தை நிறுத்தி மாரியம்மனைக் குடிவைத்ததைச் சொன்னான். ரப்பர் பால் வெட்டி அலுத்து வந்தபிறகும், லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை உட்காரவைத்து மணலில் எழுத்துப் பழக்கியதைச் சொன்னான்.

"அவுகளுக்குத் தெரிஞ்சது கொஞ்சம் எழுத்துதான். அதை அம்புட்டுப் பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டாக. ஒரு வருசம் பொங்கலுக்கு லீவு கெடையாதுன்னுட்டாரு தொரை. ஆத்தா என்ன செஞ்சாக தெரியுமா? பொங்கப் பானையத் தலையில வச்சுக்கிட்டு பங்களா வாசல்ல போயி நின்னுட்டாக. ஒரு வார்த்தை பேசல. கொஞ்ச நேரத்துல பொம்பளைக பூராவும் பின்னால போயி நின்னாக. வெயிலு உச்சிக்கு வந்தப்ப தொரை எறங்கி வந்து, போங்க போங்கன்னு கையக் காட்டுனாரு."

உண்ணாமலை சிரித்துவிட்டாள். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போலத்தான் இருந்தது. ஆறு வயதில் அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, ரெண்டே வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி, புருஷனோடு கப்பலேறியவள் அமராவதி. போன மறுவருஷமே அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு கடுதாசி. எல்லாவற்றிலும் கடைசி வரி, 'சீக்கிரம் வாரேன்.'

"ஆளில்லாதவன் யாராச்சும் செத்தா, என்ன சாதின்னு கேக்காம தலமாட்டுல ஒக்காந்து ஒப்பாரி வைப்பாகக்கா. ஒருத்தனும் அநாதையாப் போகக் கூடாதுடாம்பாக."

"ஒங்க அம்புட்டுப் பேருக்கும் ஆத்தாவா இருந்திருக்காக" என்றாள் உண்ணாமலை. "நான் அவுக மொகமே நெனப்பில்லாமத்தான் வளந்தேன் தம்பி."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டான். "ஒங்கள நெனச்சு அழுகாத நாளில்லக்கா. எம்மக இந்நேரம் தலை சீவிருப்பா, எம்மக இந்நேரம் சாப்பிட்டிருப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பாக."

அவன் பார்வை அடிக்கடி அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய் வந்தது. பசி போலிருக்கிறது என்று நினைத்தாள். உள்ளே போய்க் கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயம் ரெண்டு உரித்துக்கொண்டு வந்தாள்.

கூழைக் கரைக்கும்போதே அவள் தீர்மானித்திருந்தாள். இனிமேலும் பயந்துகொண்டிருக்க முடியாது. ஆத்தா எப்போது வருகிறாள், அடுத்த கப்பலிலா, ஏன் இவனோடு வரவில்லை என்று கேட்டுவிட வேண்டும்.

அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"கூழு அப்பறம் குடிக்கிறேன்க்கா. ஆத்தா உள்ள தூங்குறாகளா? எழுப்புங்க. கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்."

"யாரு?"

"ஆத்தாதான். நாலு வருசமாச்சு அவுகளப் பாத்து. பினாங்குல குண்டு விழுந்தப்ப எங்களுக்குக் கெடச்சது ஒத்த டிக்கெட்டு. ஆத்தாவாச்சும் மகளோட போயிச் சேரட்டும்னு லயமே கூடி முடிவு பண்ணிச்சு. ஒங்கள விட்டுப் போக மாட்டேன்டான்னு தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாக. நாந்தான் கைய விடுவிச்சு, தூக்கிட்டுப் போயிக் கப்பல்ல ஏத்துனேன்..."

உண்ணாமலை அசையாமல் நின்றாள். சட்டி சாய்ந்து கூழ் அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது.

அவன் மெல்ல எழுந்தான். திறந்து கிடந்த வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா... அந்தக் கப்பலு வந்து சேந்துச்சுல்ல?"