ஏழு வயசு பேட்டரி

"என் பொண்ணு இதுல உக்காந்து போகோணுமுங்க பாய். நடுவழியில இறக்கி உடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா போதும்."

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பஷீரின் பேட்டரி கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார் திருமூர்த்தி. காங்கேயத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். செல்ஃபை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதே தவிர, எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லையாம். கிக்கரை உதைக்கிற வயது தாண்டிவிட்டதால் கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். ஆனால் அவர் கவலை அது இல்லை. வர்ஷினி ஒரே பெண். இதை நம்பலாமா, கூடாதா என்று பன்னிரண்டு மணிக்குள் அவர் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். கூடாதென்றால் வேறு பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், வாரண்டி கேட்பார்கள். எதிர்காலம் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான் என்று நினைத்துக்கொண்டே பஷீர் பைக்கின் பக்க மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ மூடிகளைத் திறந்திருக்கிறார். எலிக்குஞ்சு இருந்திருக்கிறது, சீப்பு இருந்திருக்கிறது, ஒருமுறை பாதி பஜ்ஜிகூட இருந்தது. சுத்தம் மட்டும் இருந்ததில்லை. இங்கே பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு துளியும் இல்லை. மெல்லிசாக வாசலின் தடவியிருந்தது. ஆறு அறைகளிலும் தண்ணீர் ஒரே மட்டம். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, மாதாமாதம் தண்ணீர் பார்த்த தேதியை யாரோ எறும்பு வரிசை மாதிரி எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் தேதி ஏழு வருஷத்துக்கு முந்தையது. அவர் கடையில் வாங்கிய பேட்டரி மூன்று வருஷம் ஓடினாலே வாடிக்கையாளர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

தாளில் ஒரே ஒரு மாதம் விட்டுப்போயிருந்தது. கொரோனா ஊரடங்கு. அந்த இடத்தில், 'டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்' என்று இருந்தது.

பஷீர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏனுங்ண்ணா, பேட்டரிகிட்டயுமா மன்னிப்புக் கேப்பாங்க?"

திருமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "அது கெடக்கட்டுமுங்க. வேற என்ன தெரியுது?"

இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. பஷீருக்கு உற்சாகமாகிவிட்டது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கிக்கர் கொஞ்சமும் வளையவில்லை. ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் ஓங்கி உதைத்த கால் இல்லை என்றார். ஹாரன் பட்டனில் படம்கூட அழியவில்லை. முன்னால் மாடு படுத்திருந்தாலும் எழுந்து போகும்வரை காத்திருக்கிற ஆள் என்றார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் மிதியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"பத்து வருஷ வண்டி. இதுல பின்னால ஒருத்தரும் உக்காந்ததில்லீங்க."

"ஒருத்தருமேவா?"

"ஒருத்தருமே."

"நல்லாப் பாருங்க பாய்."

இருவருமாக எண்ணெய் விட்டு, திருப்புளி வைத்து நெம்பியதில் அது ஒருவழியாகத் திறந்தது. உள்ளே துரு, ஒரே துரு. திருமூர்த்தி அதை நகைக்கடையில் ஹால்மார்க் பார்ப்பவர் போலக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பொண்ணைக்கூட ஏத்துனதில்லீங்களா?"

"இனிமேத்தானுங்க."

பஷீர் மீட்டரை வைத்துவிட்டு செல்ஃபை அமுக்கினார். பன்னிரண்டு வோல்ட்டில் நின்ற முள் எட்டுக்கு விழுந்தது. "இவரு கெட்டுப் போகலீங்ண்ணா. வயசாகித்தான் போயிருக்காரு," என்றார் மெதுவாக. அந்தப் பேட்டரியைப் பழையது போடும் மூலையில் எறிய மனசு வராமல், மேசை மேல் ஒரு துணி விரித்து வைத்தார்.

மாற்றுக்கு எது நல்லது, இன்னும் பெரிதாகப் போடலாமா என்று திருமூர்த்தி கேட்டார். பெரிசு போட்டால் வண்டி தருகிற சார்ஜ் அதற்குப் பத்தாது, காலம் பூரா அரை வயிறாகவே கிடக்கும் என்றார் பஷீர். கம்பெனி சொன்ன அதே ஆம்பியர்தான் சரி. கடை அலமாரியிலேயே கிழடானதும் ஆகாது. போன மாதம் தயாரித்ததாகப் பார்த்து எடுத்து, அதில் அச்சடித்திருந்த தேதியையும் காட்டிய பிறகே மாட்டினார். தொட்டதும் எஞ்சின் எழுந்தது.

"இப்பச் சொல்லுங்க பாய். நம்பி அனுப்பலாமுங்களா?"

பஷீர் யோசிக்கவே இல்லை. "எந்த பேட்டரி போட்டாலும் என்னால மூணு வருஷம்தான் சொல்ல முடியுமுங்க. அதை ஏழாக்கறது பார்த்துக்கற கை. இப்படியொரு கையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. கண்ணை மூடிட்டு அனுப்புங்க."

திருமூர்த்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டிருக்கும் என்று பஷீர் எஞ்சினை அணைத்துவிட்டு, வாரண்டி அட்டையை எடுத்துப் பெயர் கேட்டார்.

"மனோஜ்குமாருங்க."

"இனிஷியலுங்ண்ணா?"

திருமூர்த்தி விழித்தார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"கீதா, போன வாரம் நம்ம வர்ஷினியைப் பொண்ணு பார்த்துட்டுப் போனாரே, அவருக்கு இனிஷியல் என்ன?… ஆமா, டவுன் வரைக்கும் போயிட்டு வாரேன்னு இரவல் வாங்கிட்டு வந்த அவரு வண்டிதான்… எல்லாம் விசாரிச்சாச்சு, தட்டு மாத்திக்கலாம்னு அவங்க ஊட்டுக்குச் சொல்லிப்போடு."