நெயில் பாலிஷ் கோடு

கணவருக்கு முதுகுவலி. அதனால் எங்கள் காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலில் மாற்றிக்கொண்டிருந்தான் என் தம்பி யுகேந்திரன்.

மூடியைக் கழற்றியதும் சிரித்தான். "அத்தான் கில்லாடி லா! போன தடவ மாத்துனப்ப, பல்சக்கரம் எடம் மாறாம இருக்க நெயில் பாலிஷால கோடு போட்டிருக்காரு. அக்கா, அந்த பாட்டில எடுத்துட்டு வா, நானும் போடணும்."

"இங்க இல்லடா. அப்ப புலாவ் செபாங் ஊர்ல, ஒண்டிக்கட்டையா இருக்கற கூட்டாளி வீட்டுல வச்சு மாத்துனாரு."

"அந்தக் கூட்டாளி நகத்துக்குச் சாயம் பூசுவாரா?"

நானும் சிரித்தேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குடும்பப் பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று, கல்யாணமான வாரமே என் நெயில் பாலிஷைக் குப்பையில் போட்டவர் அவர். அதை அவருடைய கொள்கை என்று நம்பி, இத்தனை வருடமும் வெறும் நகத்தோடு இருந்தேன்.