ஒரே ஒரு பேக்கேஜ்

மைத்துனன் தப்பான கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் அவன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுடைய அக்கா. இரண்டு முதுகுகளுக்கும் நடுவே இருந்த சாண் அகல இடைவெளியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருக்குத் திரை முழுசாகத் தெரிந்தது.

"ஒரே ஒரு பேக்கேஜ்தான்க்கா. அஞ்சே நிமிஷம். எல்லாத்தையும் ஏத்தினா சாயங்காலம் ஆயிடும்."

இது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷம் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்தவர். வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அவர் சொன்னது ஒன்றுதான்: ஏற்றினால் மொத்தமாக ஏற்று, இல்லையென்றால் கையை வைக்காதே. மென்பொருள்களின் புதுப் பட்டியலை இறக்கிக்கொண்டு அதிலிருந்து ஒரு பேக்கேஜை மட்டும் உருவினால், பல மென்பொருள்களுக்கும் பொதுவான லைப்ரரி ஒன்றின் புதுப் பதிப்பையும் அது கையோடு கூட்டிக்கொண்டு வரும். பழைய லைப்ரரி இருந்த இடம் தெரியாமல் போகும். அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த மற்றதெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

பேச்சைக் கேட்காமல் ஒருத்தன் அப்படிச் செய்துவைக்க, அலுவலகமே இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்று அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது என்பார்கள்.

இன்று அவர் சத்தம் போடவில்லை.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. மைத்துனன் கேட்ட பேக்கேஜ். அதற்குக் கீழே, அவர் பயந்த அதே லைப்ரரி.

தொடரலாமா என்று கேட்டது திரை.

மைத்துனன் தயங்கினான். விரல் விசைக்கு மேலே நின்றது. கெட்டிக்காரப் பயல்தான். எங்கோ இடிக்கிறது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும்.

திரும்பு, என்று நினைத்தார். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருடா.

இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார். மறுபடி இரண்டு தடவை. நீர் கோத்துக்கொண்டு திரை கலங்கியது.

மனைவி மேசைமேல் சாய்ந்து, தம்பியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு பேக்கேஜுக்காக அவனைப் பத்து நாளாக நச்சரித்தது அவள்தான்.

விரல் இறங்கியது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மைத்துனன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரை கறுப்பாக வந்து கறுப்பாகவே நின்றது. உச்சியில் ஒற்றை வரி: ஏதோ ஒரு லைப்ரரியைக் காணோமாம். மறுபடி அணைத்துப் போட்டான். அதே வரி.

"போச்சு," என்றான். உடனே தன்னைத் தேற்றிக்கொண்டு, "பயப்படாதக்கா, மாமாகிட்டயே கேட்டுருவோம். அவருக்குத் தெரியாததா?" என்றான்.

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள்.

கேட்க வாயெடுத்த மைத்துனன் அப்படியே நின்றுவிட்டான்.

அந்தக் கம்ப்யூட்டரை அவருடைய சக்கர நாற்காலியிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுபோனதே அவன்தான். கழுத்துக்குக் கீழே எல்லாம் ஓய்ந்து, பிறகு நாக்கும் ஓய்ந்துபோன இந்த இரண்டு வருஷமாக, அவர் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, கோத்து, உரக்கப் படித்துக் காட்டியது அதுதான். படித்த குரல் மட்டும் யாரோ ஊர் பேர் தெரியாதவன் குரல். கொஞ்சம் மனுஷக் குரலாக மாற்றிக் கொடுடா என்றுதான் மனைவி கேட்டிருந்தாள்.

அவள் வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். நெற்றியில் வழிந்த வியர்வையை முந்தானையால் ஒற்றினாள்.

"இதச் சரி பண்ண முடியுமா? ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு."

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து, ஆவலாகக் கேட்டாள்:

"எப்படி?"