ஐயாவு பேசாத நாட்கள்

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு! பாதிக்கு மேல பொய். இவரும் இவரு கப்பல் கதையும்!"

நவமணி போட்ட சத்தத்தில் லயத்து வரிசை வீடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. மலாயாவில் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டம். அப்போது லயத்தில் ரேடியோ ஏது? சாயங்காலமானால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் களைத்தவர்கள் எல்லாம் அவள் புருஷன் ஐயாவு வாசலில் வந்து உட்காருவார்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்த கதையை அவர் ஆரம்பித்தால் அழுகிற பிள்ளையும் அடங்கிவிடும். அலுப்பெல்லாம் சிரிப்பில் கரைந்த காலம் அது.

ஐயாவுக்குச் சில நாளாகத் தொண்டை வீங்கிக் காய்ச்சல். அன்று காலை இருமித் துப்பிய சளியில் ரத்தக் கோடு. நவமணியோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தவர், சாயங்காலம் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்துவிட்டார். அதன் நடுவில்தான் நவமணி இப்படிக் கத்தினாள்.

ஐயாவின் முகம் சுண்டிப்போனது. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"ரத்தமாத் துப்புற மனுஷன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

நவமணி உள்ளே போய்க் கஞ்சிக்கு உலை வைத்தாள்.

அன்றிலிருந்து ஐயாவு யாரிடமும் வாய் திறக்கவில்லை. நவமணி கஞ்சி கொடுத்தால் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் ஒதுங்கினார்கள். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

ஒரு வாரம் போனது. காய்ச்சல் விட்டது, ரத்தமும் நின்றது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் சதாசிவம் வீட்டுக்கே வந்து தொண்டையைப் பார்த்தார்.

"புண்ணு ஆறிருச்சு அண்ணே. இனி பேசலாம்லா! பரவாயில்லையே, சொன்னபடி வாயை மூடிக்கிட்டு இருந்திட்டீங்க."

"நானா?" ஐயாவு விழித்தார்.

"பேசினா ரத்தம் நிக்காதுன்னு சொன்னப்போ, என்கிட்டயே கப்பல் கதையை ஆரம்பிச்சீங்க. அதான் உங்க சம்சாரத்தைத் தனியாக் கூப்பிட்டு, எப்படியாவது பேச்சை நிறுத்தும்மான்னு சொன்னேன்."

ஐயாவு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அதுக்காக எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசணுமா, நவமணி?"

"ரோஷம் வந்தாத்தானே நீங்க வாயை மூடுவீங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.